ஃபோர்-ஹையில் மாட்டிய லிவர்

நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்-ஹையிலிருந்து, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் டூ-ஹைக்கு லிவர் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். லிவரைப் பலமாக இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, ரிவர்ஸில் பத்து மீட்டர் மெதுவாகப் போங்கள், போகும்போதே லிவரை டூ-ஹை பக்கம் லேசாகத் தள்ளினால் பெரும்பாலும் 'டக்'கென்று விழுந்துவிடும்.

சேற்றிலிருந்து ஏறியதும் அப்படியே ஃபோர்-ஹையிலேயே தார் ரோட்டில் வந்தேன் என்கிறீர்களே, காரணம் அதுதான். பார்ட்-டைம் ஃபோர்வீலில் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இணைக்கும் வண்டியில்), முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவே கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டும், சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும், காய்ந்த தாரில் வழுக்காது, அந்த முறுக்கெல்லாம், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறி கியரைக் கவ்விக்கொள்ளும்.

அப்புறம் நான்கு டயரின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். முன்னால் மட்டும் புது டயர் என்றால் சுற்றளவு வேறுபட்டு நேர் ரோட்டிலேயே இந்தத் தொல்லை வரும்.

லிவருக்குப் பதில் சுவிட்ச் உள்ள வண்டியில், பின்னால் ஓட்டிய பிறகும் டாஷ்போர்டில் ஃபோர்வீல் விளக்கு மினுக்கினால், கியரை மாற்றிவிடும் பாகமான ஆக்சுவேட்டர், வயரிங்கைப் பார்க்க வேண்டியதுதான்.