அடிபட்ட நேரம் என்ன? எல்லை தாண்டும் அவசர சிகிச்சைப் பணி: கேள்வி பதில்

கே: ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடிந்துவிட்டது. நேராகப் போர்ப்பகுதிக்குப் போகலாமா சார்?

ப: போனால் அங்கிருப்பவர்களுக்குச் சுமைதான். எம்.டி. எமர்ஜென்சி மெடிசினோ அனஸ்தீசியாவோ முடியுங்கள். சி.டி. ஸ்கேன் இல்லாமல், கையும் அல்ட்ராசவுண்டும் வைத்து முடிவெடுக்கப் பழகுங்கள். கூடவே பிரெஞ்சு: காங்கோ, சாட் பக்கம் அதில்லாமல் வண்டி ஓடாது.

கே: ஏடிஎல்எஸ் (விபத்துக் காயங்களுக்கான உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழ் போதுமா?

ப: போதாது. நெப்ராஸ்காவில் 1976-ல் நடந்த ஒரு விமான விபத்துக்குப் பின், சிற்றூர் டாக்டர்களுக்கென்று பிறந்த பாடம் அது. உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை அவசர சிகிச்சைப் பயிற்சியையும் பாருங்கள்.

கே: இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் எப்போது, எவ்வளவு?

ப: பெரியவர்களுக்கு 1 கிராம், 100 மி.லி. சலைனில், 10 நிமிடத்தில். அடுத்த 1 கிராம் 8 மணி நேரம் முழுக்க மெதுவாக. அவசரப்பட்டுத் தள்ளினால் பிபி இறங்கும். 2010-ல் வெளியான கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளில் அடிபட்ட 20,000-க்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்தார்கள். அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன். அதற்குப் பிறகு தொடங்கியவர்களிடம் இரத்தப்போக்கால் இறப்பு கூடியது. ரெஃபரல் சீட்டில் ‘வந்த நேரம் 9.40’ என்றிருக்கும், அடிபட்ட நேரம் இருக்காது. அந்த ஒரு வரி இல்லாமல் இந்த மருந்தைத் தொடமுடியாது.

கே: இரத்தத்தை நிறுத்த டூர்னிகெட் (இறுக்கி முறுக்கும் பட்டை) கட்டினால் கால் போய்விடுமே?

ப: கட்டாவிட்டால் ஆளே போய்விடுவார். காயத்துக்கு 5–7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல். இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். 2 மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குப் போகட்டும். கட்டிய நேரத்தை நெற்றியிலாவது எழுதுங்கள்.

கே: ஊரில் கயிறுதானே கிடைக்கிறது? எங்கள் சீனியர் அதையே கட்டச் சொல்வார்.

ப: சீனியரிடம் கேளுங்கள்: மெல்லிய கயிறு சிரையை அடைக்கும், தமனியை அடைக்குமா? உள்ளே போகும் இரத்தம் திரும்ப வழியில்லாமல் காயம் வழியாகவே கொட்டும். 4 செ.மீ. அகலத் துணி, முறுக்க ஒரு குச்சி. பாம்புக்கடிக்கு மட்டும் இதைக் கட்டிவிடாதீர்கள்.

கே: அப்படியானால் டூர்னிகெட்டை இடையிடையே தளர்த்தலாமா?

ப: கூடாது. தளர்த்தும் ஒவ்வொரு முறையும் இரத்தம்தான் நஷ்டம்.

கே: ஏடிஎல்எஸ் இருந்தால் வெளிநாட்டில் வேலை கிடைக்குமா?

ப: மேலே இரண்டாவது பதில்.

கே: சம்பளம் எவ்வளவு வரும்?

ப: அதற்காக என்றால் வளைகுடா ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிப்போடுங்கள்.