பில் வேறு, ரசீது வேறு

கேள்வி: பில் என்றால் ரசீது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். செய்தியில் ‘சட்டசபையில் பில் தாக்கல்’ என்கிறார்களே, இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்? (வாசகர், கரூர்)

பதில்: சட்டசபை இருக்கட்டும். முதலில் ‘பில் என்றால் ரசீது’ என்ற நினைப்பை விட்டுவிடுங்கள், அதில்தான் பலருக்குப் பணம் போகிறது. ‘இவ்வளவு கொடுங்கள்’ என்று கேட்பது பில். ‘இவ்வளவு வந்து சேர்ந்தது’ என்று ஒப்புக்கொள்வது ரசீது. மளிகைக் கடையில் கையோடு காசு கொடுத்துவிடுகிறோம், ஒரே சீட்டு இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் எல்லா இடத்திலும் இரண்டும் ஒன்றென்று இருந்துவிடுகிறோம்.

ஆஸ்பத்திரியில் இது கைகொடுக்காது. டிஸ்சார்ஜ் அன்று தருவது ஃபைனல் பில்: அறை வாடகை, மருந்து, பரிசோதனை என்று பிரித்துப் போட்ட கணக்கு. இடையிடையே கட்டிய அட்வான்சுக்கும் கடைசியாகக் கட்டிய தொகைக்கும் தனித்தனி ரசீது உண்டு. கைப்பணம் கட்டிவிட்டுப் பிறகு இன்சூரன்சில் கேட்பவர்கள் பில்லை மட்டும் வைத்தால், ‘பணம் கட்டிய ரசீது எங்கே?’ என்று கோப்பு திரும்பி வரும். கடைகளிலும் கவனம் வேண்டும். ரொக்கம் கொடுத்திருக்க, பில்லில் ‘கிரெடிட்’ என்று அச்சாகியிருந்தால் அந்தத் தாளின்படி நீங்கள் இன்னும் கடன்காரர். அங்கேயே திருத்தி வாங்குங்கள்.

இனி உங்கள் கேள்வி. முத்திரையைக் குறிக்கும் ‘புல்லா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது பில். முத்திரை வைத்த தாள் என்பதே மூலப்பொருள். கணக்குச் சீட்டு, மனு, விளம்பரத் தாள் எல்லாம் அதில் கிளைத்தவை. சுவர்களில் ‘ஸ்டிக் நோ பில்ஸ்’ என்று எழுதியிருப்பது போஸ்டரைச் சொல்வது. அமெரிக்காவில் டாலர் நோட்டும் பில்தான். சட்டசபை பில் என்பது இன்னும் சட்டமாகாத வரைவு. நாம் சொல்லும் ‘மசோதா’ அரபி வழி உருதுவில் வந்தது, அதற்கும் வரைவு என்றே பொருள். தமிழக சட்டப்பேரவை ‘சட்டமுன்வடிவு’ என்கிறது, மூன்றிலும் பொருள் தெளிவான சொல் அதுவே. பறவையின் அலகைக் குறிக்கும் பில் வேறு வேர்ச்சொல், இதோடு உறவில்லை. கான்டிராக்டர் ‘பில் பாஸ் ஆகல’ என்றால் செய்த வேலைக்கான பணம் வரவில்லை என்று அர்த்தம், சட்டசபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இத்தனை பொருளிலும் நமக்கு அன்றாடம் வேண்டியது கடை பில். ‘பில் வேணுமா?’ என்று கேட்பதே தவறு. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில் மட்டுமே, வாங்குபவர் கேட்காதபோது தனி பில் போடாமல் இருக்கலாம். அதற்கு மேல் கேட்காமலே தர வேண்டும். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-இல் தொடங்கும். ‘பில் ஆஃப் சப்ளை’ என்று தலைப்பிட்ட சீட்டில் வரி தனியாக ஏற்றியிருந்தால் கொடுக்காதீர்கள், அந்தச் சீட்டில் வரி வசூலிக்க இடமில்லை.

நகைக்கடையில் பில்லுக்குப் பதில் ‘எஸ்டிமேட்’ என்ற உத்தேசக் கணக்குச் சீட்டை நீட்டுவது இன்னும் நிற்கவில்லை. கிராம், சேதாரம், செய்கூலி எல்லாம் அதில் இருக்கும். பில் எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்காது. 3 சதவீத வரி மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். வாங்காதீர்கள். பிறகு டச், அதாவது தங்கத்தின் தூய்மை, குறைந்தது என்று தெரிந்தால், அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்று காட்ட எஸ்டிமேட் சீட்டை நம்ப முடியாது. முறையான பில்லில் நிகர எடையும் 916 போன்ற தூய்மையும் ஹால்மார்க் கட்டணமும் இருக்க வேண்டும். நகையில் பொறித்த, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி என்ற தனி அடையாளக் குறியீட்டை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள், பில்லில் உள்ள தூய்மையோடு அது ஒத்துப்போக வேண்டும்.

பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். குறையுள்ள பொருளைத் திருப்பித் தர பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால், 30 நாள் வரை கடைக்காரர் வாங்கிக்கொண்டாக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

வழவழப்பான தாளில் வரும் பில்லை லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். அது சூடு பட்டால் கறுக்கும் தாள். மெஷினில் நுழைந்ததும் முழுத் தாளும் கறுத்து எழுத்து மறைந்துவிடும். வெறுமனே வைத்தாலும் நாளடைவில் எழுத்து மங்கும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, வாரன்டி அட்டையோடு பின் அடித்து வையுங்கள்.