அத்தாவின் இதய வால்வு: தொழுகை கூடுமா?

வ அலைக்கும் ஸலாம் தம்பி. பன்றி வால்வு வைத்தால் தொழுகை கூடாமல் போகுமோ என்று அறுபத்தெட்டு வயது அத்தா ஆபரேஷனையே தள்ளிப்போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தள்ளிப்போட விடாதீர்கள்.

முதலில் டாக்டரிடம் மாட்டு வால்வு கேளுங்கள். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வில் செய்வது; பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். உலோக வால்வும் உண்டு, ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டும். தண்டையார்பேட்டையில் என் மாமாவுக்கு அதுதான். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறார். கீரையைக்கூட அளவு மாறாமல்தான் சாப்பிடுகிறார். அத்தா வயதில் அந்தக் கட்டுப்பாடு சிரமம்.

சரி, பன்றி வால்வுதான் பொருந்தும் என்று டாக்டர் சொன்னால்? நிர்ப்பந்தத்தில், வரம்பு மீறாமல், விலக்கப்பட்டதை உண்டவர் மீது குற்றமில்லை என்கிறது குர்ஆன் (2:173). தொழுகைக் கவலைக்கும் நாம் பின்பற்றும் மார்க்கச் சட்டப் பிரிவான ஷாஃபி மத்ஹபிலேயே பதில் இருக்கிறது. 1277-இல் மறைந்த இமாம் நவவி தம் 'மின்ஹாஜ்' நூலில், சுத்தமானது கிடைக்காமல் அசுத்தமானதைக் கொண்டு எலும்பை ஒட்டவைத்தவர் மன்னிக்கப்பட்டவர் என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்திலேயே இதை யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க ஆபரேஷனில் போடும் ஹெப்பாரின் ஊசிமருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. அதையும் இப்போதே பேசிவிடுங்கள், பிறகு தெரிந்தால் அத்தா உடைந்துபோவார்.

மண்ணடியில் அத்தா தொழும் பள்ளிவாசலின் ஹஜ்ரத்திடம் (இமாமிடம்), டாக்டரின் சீட்டோடு, அத்தாவையே கூட்டிப்போங்கள். நீங்கள் சொல்வதைவிட ஹஜ்ரத் வாயால் கேட்டால்தான் அத்தா மனசு அடங்கும்.