புரொஜெக்டரில் இன்புட் லேக் என்றால் என்ன, வீட்டிலேயே அதை அளப்பது எப்படி?

சிக்னல் புரொஜெக்டருக்குள் நுழைந்ததிலிருந்து திரையில் படமாக விழும்வரை ஆகும் நேரம்தான் இன்புட் லேக். எங்கள் களியக்காவிளைப் பக்கம் திருவிழாவில் செண்டை மேளத்தைத் தள்ளி நின்று கேட்டுப் பாருங்கள். 34 மீட்டர் தள்ளி நின்றால் கோல் விழுந்து பத்தில் ஒரு நொடி கழித்துத்தான் சத்தம் வரும். 100 மில்லிசெகண்ட் லேக் என்பது அந்த அளவுதான். சினிமாவுக்குத் தொந்தரவில்லை, கேமில் பந்து தாண்டிப் போயிருக்கும்.

வரும் படத்தைப் புரொஜெக்டர் பிடித்து வைத்து, கோணலை நிமிர்த்தி, அசைவை வழவழப்பாக்கிய பிறகே வெளியே விடுகிறது. நொடிக்கு 60 படம் (ஃபிரேம்) ஓடும் 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமைப் பிடித்து வைத்தாலே 16.7 மில்லிசெகண்ட் போய்விடும்.

அளக்க, லேப்டாப்பில் மில்லிசெகண்ட் காட்டும் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, ஒரு சிக்னலை இரண்டாகப் பிரித்துத் தரும் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வழியாக மானிட்டருக்கும் புரொஜெக்டருக்கும் ஒரே படத்தைக் கொடுங்கள். இரண்டு திரையும் சேர்ந்து விழும்படி போனில் படம் எடுங்கள். மானிட்டரில் 12.480, சுவரில் 12.410 என்றால் வித்தியாசம் 70 மில்லிசெகண்ட். ஒரு படத்தை நம்பாதீர்கள், ஸ்டாப்வாட்ச் எண்ணே ஃபிரேமுக்கு ஒருமுறைதான் மாறும். பத்துப் படம் எடுத்துச் சராசரி பாருங்கள், மானிட்டரின் சொந்த லேக்கையும் கூட்டுங்கள். பிறகு கேம் மோடைப் போட்டு, கோணலை நிமிர்த்தும் கீஸ்டோனை அணைத்து மறுபடி அளந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

விலை கூடிய கேபிள் வாங்கினால் லேக் குறையும் என்று பலர் நம்புகிறார்கள்; கேபிளில் சிக்னல் ஓடுவது நானோசெகண்ட் கணக்கு, தாமதம் புரொஜெக்டருக்குள்ளேதான்.