நார்மன் ஜாக்சனின் விக்டோரியா கிராஸ் (பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கம்) அறிவிப்பு 1944 கெஜட்டில் ஏன் இல்லை?

1945 அக்டோபர் 26 தேதியிட்ட லண்டன் கெஜட்டில் (பிரிட்டிஷ் அரசிதழ்) பாருங்கள். ஜெர்மனியின் ஸ்வைன்ஃபர்ட் நகர் மீதான தாக்குதல் 1944 ஏப்ரலில் நடந்ததால் அந்த ஆண்டு இதழ்களையே புரட்டியிருக்கிறீர்கள். அங்கே கிடைக்காது.

தாமதத்துக்குக் காரணம், நடந்ததைச் சொல்ல ஊரில் ஆளே இல்லை. சுமார் 20,000 அடி உயரத்தில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையில் தீ. விமானப் பொறியாளரான ஜாக்சன் தீயணைப்பானைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே ஏறினார். உள்ளே விரிந்துவிட்ட அவருடைய பாராசூட்டின் கயிறுகளைத் தோழர்கள் பிடித்துக்கொண்டார்கள். தீயணைப்பான் நழுவியது, கைகள் கருகின, பாதி எரிந்த பாராசூட்டோடு விழுந்தார். விமானியும் பின்பக்கத் துப்பாக்கி வீரரும் இறந்துபோனார்கள், மற்ற ஐவரும் போர்க்கைதிகள். அவர்கள் விடுதலையாகி வந்து சொன்ன பிறகே பதக்கம். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு பதறும்.

சரிபார்க்க: பிரிட்டிஷ் விமானப்படையின் 106ஆம் ஸ்குவாட்ரன், பெயர் நார்மன் சிரில் ஜாக்சன். பதவி ‘சார்ஜென்ட், இப்போது வாரண்ட் ஆபீசர்’ என்றிருக்கும். சார்ஜென்ட் என்று மட்டும் வடிகட்டித் தேடாதீர்கள்.

ஒன்று கவனம். இரவுத் தாக்குதல் என்பதால் சில நூல்கள் ஏப்ரல் 26 என்றும் சில 27 என்றும் போடும், இரண்டும் ஒரே இரவுதான். அப்புறம், தாமதம் என்றாலே வீரர் உயிரோடு திரும்பினார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கனடாவின் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி 1944 ஜூனில் இறந்தார். அவர் காப்பாற்ற முயன்ற பின்பக்கத் துப்பாக்கி வீரர் பிழைத்து வந்து சொன்னதால் 1946 அக்டோபரில்தான் அறிவிப்பு வந்தது.