மைஎஸ்கியூஎல்: இப்போது சேர்த்த ரெக்கார்டின் ஐடியை எடுப்பது எப்படி?

கேள்வி: பெங்களூரில் ஒரு டிராவல்ஸுக்கு டிக்கெட் மென்பொருள் எழுதியிருக்கிறோம். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் புக்கிங் டேபிளில் இன்சர்ட் ஆனதும் 'செலக்ட் மேக்ஸ்(ஐடி)' (டேபிளிலேயே பெரிய ஐடி எது என்ற கேள்வி) ஓட்டி, வரும் எண்ணைப் பயணிகள் டேபிளில் போடுகிறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் பயணிகள் மாறிப்போகிறார்கள். ஏன்?

பதில்: கோளாறு அந்த மேக்ஸில்தான். கலாசிபாளையம் கவுண்டர் மதுரை டிக்கெட்டைப் பதிந்துவிட்டு எண்ணைக் கேட்பதற்குள், மடிவாளாவில் கோவை டிக்கெட் பதிவாகிவிடுகிறது. பெரிய எண் இப்போது மடிவாளாவுடையது. மதுரைக்காரர் பெயர் கோவை வண்டியில் ஏறிவிடும். ஃபாரின் கீயும் (எண் புக்கிங் டேபிளில் இருக்கிறதா என்று பார்க்கும் விதி) இதைப் பிடிக்காது, எண் என்னவோ உண்மையான புக்கிங்குடையதுதானே. டிரான்சாக்ஷனுக்குள் (பல வேலைகளை ஒன்றாகக் கட்டி முடிப்பது) வைத்தாலும் தீராது: அடுத்த கவுண்டர் கமிட் செய்திருந்தால் (பதிவை உறுதிசெய்திருந்தால்) அதன் எண் வரக்கூடும்.

'லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி()' பயன்படுத்துங்கள். அது கனெக்ஷனுக்குக் (மென்பொருளுக்கும் டேட்டாபேஸுக்குமான இணைப்பு) கனெக்ஷன் தனி. எத்தனை கவுண்டர் ஓடினாலும் கலக்காது. ஆனால் கனெக்ஷன் பூல் (பல கனெக்ஷன்களைத் திறந்துவைத்து மாற்றி மாற்றிக் கொடுப்பது) இருந்தால் கவனம். இன்சர்ட் ஒரு கனெக்ஷனிலும் கேள்வி இன்னொன்றிலும் போனால் பூஜ்யமோ பழைய எண்ணோ வரும். டேட்டாபேஸ் டிரைவரிடமே (மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி) கேட்பது இன்னும் நல்லது: ஜாவாவில் 'கெட்ஜெனரேட்டட்கீஸ்', பிஹெச்பி பிடிஓவில் 'லாஸ்ட்இன்சர்ட்ஐடி', பைத்தானில் கர்சரின் 'லாஸ்ட்ரோஐடி'.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரே இன்சர்ட்டில் 4 பயணிகளைச் சேர்த்தால் கிடைப்பது முதலாமவர் ஐடி, கடைசியானவருடையது அல்ல. வேல்யூஸ் கொடுத்துச் சேர்க்கும் சாதாரண இன்சர்ட்டில் மற்ற மூன்றும் அடுத்தடுத்த எண்கள். 'இன்சர்ட் செலக்ட்' (வேறு டேபிளிலிருந்து எடுத்துச் சேர்ப்பது) என்றால் மைஎஸ்கியூஎல் 8.0-இன் இயல்பு அமைப்பில் அந்த உத்தரவாதம் இல்லை. 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' (ஏற்கெனவே இருந்தால் அதையே மாற்று) எழுதினால், அப்டேட் பகுதியில் 'ஐடி = லாஸ்ட்_இன்சர்ட்_ஐடி(ஐடி)' என்று சேருங்கள்; இல்லாவிட்டால் பழைய ரெக்கார்டு மாறும்போது வரும் எண்ணை நம்ப முடியாது.

போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை: இன்சர்ட் முடிவில் 'ரிட்டர்னிங் ஐடி', அவ்வளவுதான். அங்கேயும் 'ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங்' (ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு) போட்டால் மோதிய ரெக்கார்டுக்கு எதுவும் திரும்பாது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் '@@ஐடென்டிட்டி' வேண்டாம், டிரிக்கர் (இன்சர்ட்டின்போது தானே ஓடும் நிரல்) வேறு டேபிளில் சேர்த்த எண்ணைக் கொடுத்துவிடும். 'ஸ்கோப்_ஐடென்டிட்டி()' அல்லது 'அவுட்புட்' போதும்.

கேட்காத ஒன்று: இந்த ஐடியையே ஜிஎஸ்டி பில் எண்ணாக அச்சடிக்காதீர்கள். ரோல்பேக் ஆன (பாதியில் ரத்தான) எண் திரும்ப வராது, நடுவில் ஓட்டை விழும். பில்லுக்குத் தொடர் எண் வேண்டும். அதற்குத் தனி டேபிள் வையுங்கள்.