வீணையில் பூ வேலைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வணக்கம் ஐயா,

மகள் வீணை கற்றுக்கொள்கிறாள். இதுவரை டீச்சர் வீட்டு வீணைதான். இப்போது தஞ்சாவூரில் சொந்தமாக ஒன்று செய்யச் சொல்லலாம் என்றிருக்கிறோம். சாதாரண ஒட்டு வீணைக்கும் பூ வேலை நிறைந்த ஏகாந்த வீணைக்கும் விலையில் ரொம்ப வித்தியாசம். அதில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பிளாஸ்டிக்காம். பிளாஸ்டிக்குக்கா இவ்வளவு பணம் என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. பூ வேலையால் நாதம் துளியும் மேம்படாது. ஆனால் அந்தக் காசு பிளாஸ்டிக்குக்குப் போவதில்லை, அதைக் கீறுகிற கைக்குப் போகிறது. முன்பு யானைத் தந்தத்திலும் மான் கொம்பிலும் செய்த வேலை இது. அவற்றுக்குத் தடை வந்தபின் வெள்ளைத் தகடு வந்தது. தகட்டை வீணையின் உருண்டையான குடத்தின் விளிம்புக்கேற்ப வெட்டி ஒட்டி, கூரான உளியால் கொடியும் பூவும் கீறுவார்கள். கீறலில் வண்ண மெழுகைத் தேய்க்கும்போது பார்த்தால், எல்லாம் அப்பிக்கொண்டு வேலையே கெட்டுப்போன மாதிரி இருக்கும். மேலே நிற்பதைச் சுரண்டி எடுத்ததும் மயிரிழைக் கோடுகள் மட்டும் பளிச்சென்று தெரியும். எனக்கு அந்த வேலை மேல் மரியாதை உண்டு. கையில் காசிருந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

ஆனால் முதல் காசு அதற்கில்லை. முதலில் மரம். தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம்தான், அதற்குப் பெயர்போனது நம்ம பண்ருட்டி. (2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் அந்தப் பக்கம் சாய்ந்த பலா மரங்களைக் கண்டவர்களுக்கு இன்னும் மனசு ஆறாது. வீணைக்கு 2013இல் கிடைத்த புவிசார் குறியீட்டில் தஞ்சாவூர் பெயர்தான் இருக்கிறது. போகட்டும்.) குடம், நீண்ட கழுத்தான தண்டி, அதன் நுனியில் இருக்கும் யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை, தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஈரம் காயாத மரத்தில் குடைந்த ஏகாந்தத்தைவிட, முதிர்ந்து காய்ந்த மரத்தில் செய்த ஒட்டு வீணை எவ்வளவோ மேல். கற்கும் பெண்ணுக்கு அது தாராளமாகப் போதும்.

அடுத்தது குதிரை, அதாவது குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை. அதன் மேல் இருக்கும் வெண்கலத் தகட்டைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தட்டையாகத் தெரிந்தாலும் லேசான வளைவு இருக்கும். தந்தி அந்த வளைவை உரசி உரசி விலகுவதால்தான் வீணைக்கே உரிய அந்த ரீங்காரம் கிடைக்கிறது. சர் சி.வி. ராமன் 1921இல் இதை ஆராய்ந்து கட்டுரையே எழுதினார். தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் சில மேற்சுரங்கள் (மூல ஒலியோடு சேர்ந்து எழும் மெல்லிய ஒலிகள்) வரக்கூடாது என்று இயற்பியல் விதி சொல்கிறதோ, அங்கே மீட்டினாலும் அவை கேட்கின்றன என்று காட்டினார். அந்த வளைவை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, காதால் கேட்டுத்தான் கொண்டுவருகிறார்கள்.

கடைசியாக மேளம் கட்டுவது, அதாவது தந்தியை அழுத்தி வாசிக்க உதவும் மெட்டுகளைத் தண்டியில் பதிப்பது. என்னைக் கேட்டால் பேரம் பேசாமல் கூலி கொடுக்க வேண்டிய வேலை இதுதான். தேன்மெழுகில் கரித்தூள் கலந்து தண்டியின் மேல் இரண்டு வரம்பு கட்டி, அதில் 24 மெட்டுகளையும் சுருதி பார்த்துப் பதிப்பார்கள். ஒரு மெட்டு கொஞ்சம் தள்ளிப்போனாலும் அந்த ஸ்வரம் போச்சு. செய்தவர் எதிரிலேயே, முதல் தந்தியை எல்லா மெட்டிலும் ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டச் சொல்லி மகளையே கேட்க வையுங்கள். எங்காவது இரைச்சல் வந்தால் அங்கேயே சரிசெய்து வாங்குங்கள்.

இன்னொன்று. புதுச்சேரி வெயிலுக்கு அந்த மெழுகு இளகும், மெட்டு அசையும். சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி மேளம் கட்டியே ஆக வேண்டும். அதற்கு ஆள் இங்கே வருவாரா, வீணையைத் தஞ்சாவூருக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், காரில் கொண்டுவருவதாக இருந்தால் மே மாத மதியத்தில் வேண்டாம்.